பின்னிருக்கையின் வெம்மை

வண்டி ஓட்டுகிறவனுக்கு முதுகில் கண் இல்லை. எதிரே தொங்கும் சிறு கண்ணாடியில் அவன் காண்பது பின்னால் வரும் வண்டிகளை. பின்னால் அமர்ந்திருக்கும் மனிதர்களை அன்று. இந்த எளிய உண்மையை அறிந்துகொள்ள எனக்கு ஒரு கோடைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. அதற்கு என் தாய் கொடுத்த விலையை நினைக்கும்போது இன்றும் மனம் கூசுகிறது.

எங்கள் வீடு மாமல்லபுரத்தில், கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 81. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் வாரம் இருமுறை இயன்முறை சிகிச்சைக்காக அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணம். காலை மடக்கி உட்கார அவரால் இயலாது. ஆகவே எங்கள் பெரிய வண்டியின் நடு இருக்கை முழுவதையும் அவருக்கே ஒதுக்கி, தலையணை வைத்து, காலை நீட்டிச் சாய்ந்திருக்கும்படி செய்தோம். கடைசி வரிசையை மடக்கி, அங்கே அவருடைய நடைச்சட்டத்தையும் போர்வை, மாற்றுடை, தண்ணீர்க் குடம் முதலியவற்றையும் அடுக்கினோம். நான் ஓட்டுவேன்; என் மனைவி என்னருகில் முன்னால் அமர்வாள்.

ஒன்றும் குறை வைக்கவில்லை என்றே நம்பினேன். வண்டியில் குளிர்சாதனம் இருந்தது. முன்னால் நான்கு துவாரங்கள். பின்னால் இருப்பவர்களுக்கென்று கூரையில் தனியே நான்கு துவாரங்கள். வண்டி வாங்கியபோது அந்தப் பின்துவாரங்களைக் காட்டி, "அம்மாவுக்கு இனிமேல் ராஜ மரியாதைதான்" என்று நான் சொன்னது நினைவிருக்கிறது.

ஏப்ரல் மாதத்தில் குளிர் சற்றுக் குறைந்தாற்போல் தோன்றியது. வழியில் ஒரு பட்டறையில் நிறுத்தினேன். அங்கிருந்தவர் பானெட்டைத் திறந்து பார்த்து, "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று சொல்லிக் கால் மணி நேரத்தில் வாயுவை நிரப்பிக் கொடுத்தார். குறைந்த வாயு எங்கே போயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பியவுடன் முகத்தில் சில்லென்று காற்று அடித்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. என் மனைவி முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு, "கொஞ்சம் குறையுங்களேன்" என்றாள். குறைத்தேன்.

"அம்மா, பின்னால் குளிர்கிறதா?" என்று ஒவ்வொரு பயணத்திலும் கேட்டேன். "நல்லாத்தான் இருக்குப்பா" என்பதே ஒவ்வொரு முறையும் கிடைத்த விடை.

அக்கினி நட்சத்திர நாள்கள் அவை. மே மாதம் 4ஆம் நாள் முதல் 28ஆம் நாள் வரை நம் ஊர் வெயில் எப்படி இருக்கும் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் முற்பகல், திருக்கழுக்குன்றத்தை நெருங்கும்போது, என் மனைவி எதையோ கேட்பதற்காகத் திரும்பினாள். விடை வரவில்லை. மீண்டும் அழைத்தாள். அம்மாவின் முகம் சிவந்து, உதடுகள் வெடித்து, கண்கள் பாதி மூடிக் கிடந்தன. கையைத் தொட்டால் அடுப்பருகே வைத்த பாத்திரம்போல் சுட்டது.

சாலையோரப் புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறந்து உள்ளே கைநீட்டியபோதுதான் பின்பகுதியின் வெப்பம் என்னைத் தாக்கியது. ஒரே வண்டி, ஒரே கூரை. ஆனால் அங்கே வேறொரு காலநிலை நிலவியது! அருகிலிருந்த தேநீர்க்கடை அம்மாள் பனையோலை விசிறியோடு ஓடி வந்தார். ஈரத்துணியால் அம்மாவின் கழுத்தையும் அக்குளையும் கைகால்களையும் துடைத்து விசிறினோம். நான் பதற்றத்தில் வாயில் தண்ணீர் ஊற்றப் போனபோது, "நினைவு சரியா வரட்டும், இப்ப ஊத்தாதீங்க, புரையேறிடும்" என்று தடுத்தவரும் அந்த அம்மாள்தான். கண் விழித்ததும் அம்மாவைச் செங்கல்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நரம்பு வழியே நீர் ஏற்றினார்கள். வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியும் வியர்க்கும் ஆற்றலும் குறைந்துவிடும் என்றும், இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்களை வெப்பம் இன்னும் விரைவாக வீழ்த்தும் என்றும் மருத்துவர் விளக்கினார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்: "நீங்கள் வந்த வண்டியில் ஏ.சி. இல்லையா?"

"இருக்கிறது" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கத்தோடு நான் சொன்ன சொல் வேறில்லை.

இரண்டு நாள் கழித்து, அம்மா தேறியபின், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். "நீ ரோட்டைப் பார்த்து ஓட்டிட்டு வர்றே. முன்னால நீங்க ரெண்டு பேரும் குளிருது, குறைச்சு வைன்னு பேசிக்கிட்டு வந்தீங்க. எனக்கு மட்டும் வேகுதுன்னு எப்படிச் சொல்றது? வயசானதால எனக்குத்தான் அப்படித் தெரியுதோன்னு இருந்துட்டேன்" என்றார்.

இந்த விடை என்னை உறங்கவிடவில்லை. நான் கேட்ட கேள்வியில் குறை இருந்தது. 'குளிர்கிறதா?' என்று நான் கேட்டது, 'குளிர்கிறது' என்ற விடையை எதிர்பார்த்துத்தான். குளிர்ந்த இடத்தில் இருந்துகொண்டு கேட்கப்படும் நலம் விசாரிப்புக்கு வெந்த இடத்திலிருந்து உண்மையான விடை வருவது அரிது.

செங்கல்பட்டில், பழைய பட்டறையொன்றில், வண்டிகளின் குளிர்சாதனத்தை மட்டுமே பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இருப்பதாக நண்பர் சொன்னார். சென்றேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. "பின்னாடி யார் உக்காருவாங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நீங்க பின்னாடி உக்காருங்க சார். அந்தம்மா எப்படிச் சாய்ஞ்சிருப்பாங்களோ அப்படியே சாய்ஞ்சுக்குங்க. நான் ஓட்டறேன்" என்றார்.

கொளவாய் ஏரியின் ஓரமாக, பெருஞ்சாலையில், பரனூர்ப் பக்கம் ஓட்டிச் சென்றார். அம்மாவின் தலையணையில் தலை வைத்து நான் சாய்ந்திருந்தேன். முன்துவாரங்களின் குளிர் இருக்கைகளின் முதுகைத் தாண்டவில்லை. தலைக்கு மேலிருந்த துவாரத்தில் கை வைத்தேன். வந்த காற்று மூச்சுக்காற்றைவிடச் சற்றே வலிமையானது, அவ்வளவுதான். பக்கக் கண்ணாடி வழியே வெயில் நெஞ்சின்மீது விழுந்தது. பத்து நிமிடத்தில் சட்டை நனைந்தது. அம்மா இப்படி முக்கால் மணி நேரம் போனார். அதே அளவு நேரம் திரும்பி வந்தார். மூன்று மாதங்கள் வாரம் இருமுறை.

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் சிறு வெப்பமானியைத் துவாரங்களில் செருகிக் காட்டினார். முன்னால் 9 பாகை செல்சியஸ், பின்னால் 24. "முதல்ல ரெண்டு கேள்வியைப் பிரிச்சுக்கணும் சார். காத்து வரலையா, இல்ல வர்ற காத்துல குளிர் இல்லையா? ரெண்டும் வேற வேற நோய். பிரிக்காம மருந்து கொடுக்கிறதாலதான் எல்லாத்துக்கும் கேஸ் அடிக்கிறாங்க" என்றார்.

அன்று அவர் சொல்லச் சொல்ல நான் புரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். குளிர்சாதனம் குளிரைப் படைப்பதில்லை. ஓரிடத்து வெப்பத்தை எடுத்து வேறிடத்தில் விடுகிறது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்வது போன்றதே அது. இப்போது ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் உள்ள ஆர்-134ஏ என்ற வாயு, திரவமாக இருக்கும்போது சுழியத்துக்குக் கீழே 26 பாகையிலேயே கொதித்து ஆவியாகக் கூடியது. கம்ப்ரசர் அந்த வாயுவை அழுத்துகிறது. வண்டியின் முகப்பிலுள்ள கன்டென்சரில் அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பின் ஒரு சிறு வால்வின் வழியே அழுத்தம் தணிந்து கூலிங் காயிலுக்குள் பாய்ந்து, வண்டிக்குள்ளிருக்கும் வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகிறது.

பின்துவாரங்கள் எல்லா வண்டிகளிலும் ஒரே வகை அல்ல. சிலவற்றில் முன்னாலுள்ள காயிலின் குளிர்காற்றே ஒரு குழாய் வழியே பின்னால் செல்கிறது. அங்கே குழாய் நசுங்கினாலோ மூட்டு விலகினாலோ பின்னால் காற்று வராது. சில வண்டிகளில் பின்னால் விசிறி மட்டுமே உண்டு. அது முன்னால் குளிர்ந்த காற்றை இழுத்துத் தள்ளும். எங்கள் வண்டியைப் போன்றவற்றில் பின்னால் தனி காயில், தனி வால்வு, தனி புளோயர். எந்த வகை என்று தெரியாமல் பழுதைத் தேடுவது வீண்.

எங்கள் வண்டியில் இரண்டு நோய்களும் இருந்தன. முதலில் காற்று. பின்சக்கரத்துக்கு மேலே, பக்கப் பலகையில் ஒரு சல்லடை இருக்கிறது. பின்புளோயர் அதன் வழியாகத்தான் வண்டிக்குள்ளிருக்கும் காற்றை இழுத்துக் காயிலின்மீது செலுத்த வேண்டும். அந்தச் சல்லடையை அணைத்தாற்போல்தான் அம்மாவின் போர்வையையும் துணிமூட்டையையும் நாங்கள் அடுக்கியிருந்தோம்! பலகையைக் கழற்றியபோது காயிலின் முகத்தில் போர்வைப் பஞ்சும் கடற்கரை மணலும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருந்தன. அம்மாவின் வசதிக்கென்று அடுக்கியவையே அவருடைய மூச்சை அடைத்தன. அன்பு மட்டும் போதாது. அது எதன்மீது சாய்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் போலும்.

அடுத்தது குளிர். பின்காயிலுக்குப் போகும் அலுமினியக் குழாய் வண்டியின் அடிவயிற்றில் நெடுந்தொலைவு ஓடுகிறது. முதியவர் ஒரு விளக்கோடு வண்டிக்கடியில் படுத்து, ஓர் இடத்தைத் தொட்டு விரலைக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு. வாயுவோடு கம்ப்ரசரின் எண்ணெயும் சுற்றிவருவதால், வாயு கசியும் இடத்தில் எண்ணெய் படிந்து அதில் புழுதி ஒட்டிக்கொள்ளும்; கண்ணுக்குத் தெரியாத கசிவு அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சோப்பு நுரையைத் தடவியதும் அங்கே சிறு குமிழ்கள் மெல்ல எழுந்தன. குழாயை இரும்புப் பட்டை இறுக்கிப் பிடித்திருந்த இடம் அது. இரு வேறு உலோகங்கள் சேருமிடத்தில் உப்பு ஈரம் தங்கினால் அரிப்பு விரைவாகும்.

"வண்டி எங்க நிக்குது?" என்றார். மாமல்லபுரத்தில், கடற்காற்று படும் கொட்டகையில் என்றேன். சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் பொருள் எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு விளங்காமல் போகாது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் காலத்தில் எழுந்த கடற்கரைக் கோவிலின் சிற்ப முகங்கள் மழுங்கியிருப்பதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவன் நான். கருங்கல்லையே உப்புக்காற்று தின்கிறது. கல்லுக்குள் ஏறிய உப்பைத் தொல்லியல் துறையினர் ஈரக் காகிதக் கூழை அப்பி உறிஞ்சி எடுக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் வளர்க்கப்பட்டன. பல்லவன் கல்லுக்கே இந்தப் பாடென்றால் விரலளவு அலுமினியக் குழாய் எம்மாத்திரம்? ஏப்ரலில் நான் காசு கொடுத்து நிரப்பிய வாயு அந்த ஊசித்துளை வழியே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

வாயு குறையும்போது, இரு காயில்கள் உள்ள வண்டியில், பெரும்பாலும் தொலைவிலுள்ள பின்காயிலே முதலில் பட்டினி கிடக்கிறது. அருகிலிருக்கும் முன்காயில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. இதைவிட என்னைச் சுட்டது இன்னொரு செய்தி. இரண்டு காயில்களுக்கும் கம்ப்ரசர் ஒன்றுதான். எங்கள் வண்டியில் அதை ஓடச்செய்வதும் நிறுத்துவதும் முன்காயிலின் குளிரை அளக்கும் கருவி. முன்னால் போதிய குளிர் வந்துவிட்டால் கம்ப்ரசர் நின்றுவிடும். பின்னால் இருப்பவரின் நிலையை அது கேட்பதில்லை. ஆகவே, 'குளிருகிறது' என்று நாங்கள் முன்னால் குறைத்த ஒவ்வொரு முறையும் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த கொஞ்ச நஞ்சக் குளிரையும் நிறுத்தினோம். எங்கள் போதும் என்பது அவருடைய போதாது ஆயிற்று.

முதியவர் எஞ்சிய வாயுவை வானில் விடாமல் கருவியில் சேகரித்தார். குழாயை மாற்றி, பட்டைக்கும் குழாய்க்கும் இடையே இரப்பர் வைத்தார். ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றினார். முகப்பிலுள்ள கன்டென்சரின் இதழ்களுக்கிடையே அடைந்திருந்த பூச்சிகளையும் உப்புத்தூளையும், இதழ்கள் மடங்காதபடி மெல்லிய நீர்வீச்சால் கழுவினார். குழாய்களிலிருந்த காற்றையும் ஈரத்தையும் இயந்திரத்தால் உறிஞ்சி வெளியேற்றி, அரைமணி நேரம் அழுத்தம் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தார். பிறகே, பானெட்டுக்கடியிலுள்ள சீட்டில் குறித்த எடைக்குச் சரியாக வாயுவை நிரப்பினார். "ஜாஸ்தி போட்டா ஜாஸ்தி குளிரும்னு நினைக்கிறாங்க. அளவுக்கு மேல போனாலும் குளிர் குறையும் சார்" என்றார். மீண்டும் வெப்பமானி: முன்னால் 7, பின்னால் 10.

பலகையைக் கழற்றித் தூசி துடைப்பதும், சல்லடையை மறைக்காமல் பார்த்துக்கொள்வதும் நாமே செய்யத்தக்கவை. வாயுக் குழாய்களில் கைவைப்பது அப்படிப்பட்டதன்று. அழுத்தத்தோடு பீறிடும் அத்திரவம் தோலையும் கண்ணையும் நொடியில் உறையச் செய்யும்.

வீடு திரும்பியபின் இதைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940ஆம் ஆண்டுக்குரிய தன் கார்களில் குளிர்சாதனத்தை வைத்தபோது, காயிலைப் பின்னிருக்கைக்குப் பின்னால்தான் வைத்ததாம். குளிர் பின்னாலிருந்து முன்னால் வந்தது. அதை நிறுத்த வேண்டுமானால் இறங்கி, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1954இல் நாஷ் நிறுவனம் எல்லாவற்றையும் வண்டியின் முன்புறத்திலேயே அடக்கியது. வசதியான மாற்றந்தான். ஆனால் அந்த ஏற்பாட்டில் குளிர் முன்னிருக்கைக்காரரை முதலில் சேர்கிறது, பின்னிருக்கைக்காரருக்கு மிச்சம்.

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியலில் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்பின், படலத்தை அரித்த பழைய ஆர்-12 வாயுவின் இடத்தில் ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்க வல்லது. இவ்வகை வாயுக்களைக் குறைக்க 2016இல் கிகாலியில் உடன்பாடு கண்டார்கள். இந்தியா 2021இல் அதனை ஏற்றது. கசிவை அடைக்காமல் மேலும் மேலும் வாயு நிரப்பும்போது, நம் முகத்துக்குக் கிடைக்கும் சிறு குளிர்ச்சிக்கு ஈடாக எங்கோ வெயிலில் நிற்பவரின் தலைமேல் வெப்பத்தை ஏற்றுகிறோம். செய்யூர் உப்பளங்களில் பாத்தி மிதிப்பவரும், நண்பகல் மணலில் வலை உலர்த்துபவரும் இவ்வுலக வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர்களே. அவர்களும் பெரும்பாலும், 'நல்லாத்தான் இருக்கு' என்றே சொல்லுகிறார்கள். குடும்பத்திலும், அலுவலகத்திலும், ஊரிலும் முன்னால் அமர்ந்து ஓட்டுபவர்களாகிய நாம் அந்த விடையை அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நீண்ட பயணத்துக்கு முன் இயந்திரத்தை ஓடவிட்டு, நான் பின்னால் போய் ஐந்து நிமிடம் அமர்கிறேன். துவாரத்தில் கைவைத்துப் பார்க்கிறேன். சல்லடையருகே எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறேன். கேட்டு அறிவதைவிட அமர்ந்து அறிவது நல்லது என்று கற்றுக்கொண்டேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அம்மாவின் சிகிச்சை முடிந்தது. கடைசி நாள், செங்கல்பட்டிலிருந்து மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்துவாரங்களில் காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது. திருக்கழுக்குன்றத்து மலை பின்தங்கி, மாமல்லபுரம் நெருங்கி, சவுக்குத் தோப்புகள் தென்படத் தொடங்கின. பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை பட்டது.

"டேய், இந்த ஏ.சி.யைக் கொஞ்சம் நிறுத்தேன். கண்ணாடியை இறக்கு. கடல் காத்து வரட்டும்."

அவ்வளவு பாடுபட்டுச் சீராக்கிய குளிர்சாதனத்தை நிறுத்தினேன். எனக்கு வருத்தமே இல்லை. பின்னிருக்கையிலிருந்து, கேளாமலே, தனக்கு வேண்டியதை அம்மா வாய்விட்டுச் சொன்னார். நான்கு கண்ணாடிகளும் இறங்கின. உப்பு மணத்தோடு வந்த காற்று முன்னும் பின்னும் ஒன்றுபோல் வீசியது.